அக்காவின் தலையில் நைனாவின் வேண்டுதல்

பெண் பார்க்க வந்தவர்கள் என் அக்காவின் பின்னலைப் பிடித்து இழுத்துப் பார்த்தார்கள். அக்காவுக்கு அப்போது பதினேழு வயது. எனக்குப் பதினொன்று.

"சவுரி கிவுரி வெச்சிக்கினு இருக்கான்னு பாக்கணும் இல்ல, தப்பா நெனச்சிக்காதீங்க" என்று மாப்பிள்ளையின் அம்மா சிரித்தபடியே சொன்னார். அடியிலிருந்து மேல்வரைக்கும் விரலால் நெருடிப் பார்த்துவிட்டு, அவிழ்த்துக் காட்டச் சொன்னார். என் அம்மா அவிழ்த்தார். அக்கா பாயில் உட்கார்ந்திருந்தாள். முடி அவள் முதுகை மூடி, பாயையும் தாண்டித் தரையில் விழுந்தது. அக்கா தலையை நிமிர்த்தவே இல்லை. சந்தையில் மாடு பிடிக்கும்போது நைனாகூட இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டதில்லை.

இதில் யாருக்கும் வருத்தம் கிடையாது. எங்கள் பக்கத்தில் பெண் பார்ப்பது என்றால் அப்படித்தான். நடக்கச் சொல்வார்கள், பேசச் சொல்வார்கள், முடியை இழுப்பார்கள். எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு கூந்தல் தைலக் காலண்டர் தொங்கியது. அதில் ஒரு பெண் அருவிக் கரையில் நின்றுகொண்டு, அருவியைவிட நீளமான முடியை முன்பக்கம் வழியவிட்டுச் சிரித்துக்கொண்டிருப்பாள். மாப்பிள்ளையின் அம்மா காலண்டரைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார்.

"அச்சு அசலா இவளையே நிக்க வெச்சி எழுதின மாதிரி கீதே" என்றார்.

அதோடு பேச்சு முடிந்தது. அவர்கள் திருத்தணிப் பக்கத்து ஊர்க்காரர்கள். பையன் ரயில்வேயில் வேலை. தை மாதம் கல்யாணம் என்று வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டார்கள். அக்காவுக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்தது. அதை அவள் என்னிடம் மட்டும் சொன்னாள். அவன் காபி தம்ளரைக் கீழே வைக்கக் குனிந்தபோது, தரையில் கிடந்த அவள் முடியை மிதித்துவிடுவோமோ என்று காலை இழுத்துக்கொண்டானாம். அது ஒன்று போதும் அவளுக்கு.

பாலசமுத்திரத்துக்கு அந்தப் பக்கம், நாலைந்து மைல் உள்ளே தள்ளி எங்கள் ஊர். வருஷத்துக்கு ஒருமுறை பக்கத்து ஊரில் சினிமாக் கொட்டாய் போடுவார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவில் ஒரு தட்டி. திரையில் கதாநாயகி பின்னலை முன்னால் எடுத்துப் போட்டு, அதன் நுனியைச் சுழற்றிக்கொண்டே வெட்கப்படுவாள். தட்டிக்கு அந்தப் பக்கம் விசில் பறக்கும். படம் முடிந்து வந்த மறுநாள் எங்கள் ஊர்ப் பெண்கள் எல்லோருடைய பின்னலும் முன்னால் தொங்கும். அக்கா கிணற்றடிக்குப் போனால் வாலிபர்கள் அந்தச் சினிமாக்காரியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அம்மா வெளியே கோபப்பட்டாலும் உள்ளுக்குள் அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. ஊரில் நாலு பெண்கள் கூடினால் அம்மா எப்படியோ பேச்சை அக்காவின் முடிக்குக் கொண்டுவந்துவிடுவார்.

அந்த முடியைச் சுமந்தவளுக்குத்தான் அதன் கனம் தெரியும். வெள்ளிக்கிழமை வந்தால் அக்காவுக்கு அரை நாள் போச்சு. எண்ணெய், சீயக்காய், அண்டா அண்டாவாகத் தண்ணீர். அந்தத் தண்ணீரையும் அவள்தான் சேந்த வேண்டும். பிறகு சாம்பிராணி, பிறகு சிக்கெடுப்பது. அம்மா ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் இழுக்க, நடுவில் அக்கா கண்ணில் நீரோடு உட்கார்ந்திருப்பாள். ஈரம் காயாமல் பின்னுவதால் அடிக்கடி ஜலதோஷம் வரும். "கழுத்து வலிக்குதும்மா, கொஞ்சம் வெட்டிக்கிறேனே" என்று ஒருநாள் கேட்டாள். அம்மா கையிலிருந்த சீப்பாலேயே முதுகில் ஒன்று வைத்தார்.

அந்த வருஷங்களில் ஆண்களுக்கு வேறு வேலை இருந்தது. ஆந்திரா தனியாகப் பிரிந்து, எங்கள் சித்தூர் ஜில்லா அதனோடு போயிருந்தது. எல்லையோரத்துத் தமிழ் ஊர்களை மெட்ராஸ் பக்கம் சேர்க்க வேண்டும் என்று கூட்டம், ஊர்வலம், மகஜர். நைனா எல்லாவற்றுக்கும் போனார். அவரை நான் கேலி செய்ய மாட்டேன். அவருடைய துக்கம் நிஜம். நிலத்துக்கு வந்த நோட்டீஸ் தெலுங்கில் இருந்தது. பேசச் சொன்னால் நைனா தெலுங்கில் சண்டையே போடுவார். படிக்கத்தான் வராது. தமிழில் அழகாகக் கையெழுத்துப் போடுகிற மனிதர், அந்தக் காகிதத்தை ஊர்க் கணக்கு எழுதும் கர்ணத்திடம் கொண்டுபோய்ப் படிக்கச் சொல்லிக் கைகட்டி நின்றார். வீட்டுக்கு வந்து அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

ஒரு கூட்டத்துக்கு எங்களையும் கூட்டிப்போனார். மேடையில் பேசியவர் நிலத்தைத் தாய் என்றார். நம் தாயைக் கேட்காமலே அவள் உடம்பைக் கூறு போடுகிறார்கள் என்று கத்தினார். ஆண்கள் அழுதார்கள். நைனாவும் அழுதார். அந்த வாக்கியத்தைப் பிற்பாடு பல வருஷம் நினைத்துப் பல்லைக் கடித்திருக்கிறேன்.

புரட்டாசியில் ஒரு சாயங்காலம், சித்தூர் போய்விட்டு பஸ்ஸில் திரும்பிய பெரியப்பா வாசலிலிருந்தே கத்திக்கொண்டு வந்தார்.

"தம்பி, நம்மூரு லிஸ்ட்டுல கீதுடா! மெட்ராஸோட போவுது!"

நைனா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து கிழக்கே பார்த்து நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். ஊரில் சர்க்கரை கொடுத்தார்கள். நானும் இரண்டு கை வாங்கித் தின்றேன்.

மறுநாளுக்கு மறுநாள் காலையில் நைனா என்னையும் அக்காவையும் கூப்பிட்டுக் கூடத்தில் நிற்கவைத்தார். அம்மா அடுப்படி வாசலில் நின்றார். அவர் முகம் ஏற்கெனவே அழுது வீங்கியிருந்தது.

"ஏழுமலையானுக்கு வேண்டிக்கினு இருந்தேன்" என்றார் நைனா. "நம்மூரு தமிழ்நாட்டுப் பக்கம் போயிட்டா என் வீட்டுப் பொண்ணோட முடிய மலையில வந்து குடுக்கறேன்னு. அவன் குடுத்துட்டான். இப்ப நாம குடுக்கணும்."

அம்மா மெதுவாகக் கேட்டார். "உங்க முடியக் குடுக்கக் கூடாதா?"

"ஆம்பள முடி இன்னா, ஒரு மாசத்துல வளந்துடும். அது ஒரு காணிக்கையா?"

எவ்வளவு நியாயமான பேச்சு. தனக்கு வலிக்காத காணிக்கை காணிக்கையே அல்ல என்று அவருக்குத் தெரிந்திருந்தது. வலி மட்டும் வேறு ஆளுக்கு.

"யாரு குடுக்கறீங்க?" என்று எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக் கேட்டார்.

அம்மா அவசரமாகச் சொன்னார். "பெரியவளுக்குத் தையில கல்யாணம். சின்னவளுக்கு எடுத்துடலாங்க. ரெண்டு வருசத்துல வளந்துடும்."

அது சரியான யோசனை. என் முடி எலிவால் மாதிரி இருக்கும், போனால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் என் வகுப்பில் ஒருத்தி மொட்டை போட்டுக்கொண்டு வந்து பட்ட பாட்டை நான் பார்த்திருந்தேன். தலையில் ஆளுக்கொரு தட்டு தட்டுவார்கள். நானும் தட்டியிருக்கிறேன். "நான் மாட்டேன், நான் மாட்டேன்" என்று அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு அலறினேன். வீட்டில் யாராவது அழுதால் நைனாவுக்குப் பொறுக்காது, ஒரு அதட்டல் போடுவார். அன்றைக்கு அதட்டவில்லை. கையைக் கட்டிக்கொண்டு பேசாமல் நின்றார். நான் அழுதுகொண்டே இருந்தேன்.

அக்கா என்னைப் பார்த்தாள். "நான் குடுக்கறேன் நைனா" என்றாள்.

நைனா அவள் தலையில் கை வைத்து, "என் தங்கம்" என்றார்.

திருப்பதிக்கு இரண்டு பஸ் மாறிப் போனோம். அடிவாரத்திலிருந்து படியேறினோம். வழியெல்லாம் கோவிந்தா கோவிந்தா என்று ஜனங்கள். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். அவள் கை சில்லென்று இருந்தது. மேலே முடி இறக்கும் இடத்தில் வரிசையாக ஆட்கள் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். எங்களுக்கு வாய்த்த நாவிதர் வயதானவர். அக்காவின் பின்னலைக் கையில் எடுத்தவர் கொஞ்சம் தயங்கி அம்மாவைப் பார்த்தார்.

"பெள்ளி அயிந்தாம்மா?"

"இங்க்கா லேது" என்றார் அம்மா. இன்னும் கல்யாணம் ஆகவில்லை.

நாவிதர் பின்னலை அவிழ்த்தார். முடியை நடுவில் வகிர்ந்து இரண்டு பக்கமும் முடிச்சுப் போட்டார். தண்ணீர் தெளித்துக் கத்தியை வைத்தார். முதல் முடிச்சு கீழே விழுந்ததும் அம்மா திரும்பிக்கொண்டார். நான் திரும்பவில்லை. நான் பார்த்தே ஆகவேண்டும் என்று எனக்குத் தோன்றியது. கொஞ்ச நேரத்தில் என் அக்கா இருந்த இடத்தில் சின்னத் தலையும் பெரிய காதுமாக வேறு யாரோ உட்கார்ந்திருந்தாள். ஓர் ஆள் கூடையோடு வந்து தரையில் கிடந்ததை அள்ளிப் போட்டுக்கொண்டு போனான். அக்கா அந்தக் கூடையையே பார்த்துக்கொண்டிருந்தாள், அது கூட்டத்தில் மறையும்வரைக்கும்.

"எப்டி கீறேன் பாப்பா?" என்று என்னைக் கேட்டாள்.

"நல்லாத்தான் கீற" என்றேன்.

ஒன்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் பொய் சொன்னவள் ஆவேன். படியிறங்கும்போது ஒரு திருப்பத்தில் நல்ல காற்று அடித்தது. தலையில் சந்தனம் பூசியிருந்த அக்கா நின்று கண்ணை மூடிக்கொண்டாள். "தலையில காத்து படுதுடி" என்று ரகசியம் மாதிரிச் சொன்னாள். "கழுத்து இருக்கறதே தெரியல." அவள் முகத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது. அது அடுத்த படிக்குள் போய்விட்டது, ஏனென்றால் எதிரே ஏறிவந்த ஒரு பெண் அவளைப் பார்த்து, "ஐயோ பாவம், இந்த வயசுலயா" என்று உச்சுக்கொட்டினாள். விதவை என்று நினைத்திருப்பாள். அக்கா முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு பல மாதம் அதை எடுக்கவில்லை.

கார்த்திகையில் மாப்பிள்ளையின் அம்மா வந்தார். யாரோ சொல்லியிருக்கிறார்கள். உள்ளே வந்தவர் உட்காரக்கூட இல்லை. நேராக அக்காவிடம் போய் முந்தானையை விலக்கிப் பார்த்தார்.

"சாமி காரியம், நாம ஒண்ணும் சொல்லக் கூடாது" என்றார் அம்மாவிடம். "ஆனா மணவறையில மொட்டத் தலையோட உக்கார வெச்சா நாலு பேரு இன்னா சொல்லுவாங்க சம்மந்தி? வளரட்டும். வளந்தப்புறம் பாத்துக்கலாம்."

நைனா வெளியே போய், மெட்ராஸ் பக்கம் போகிற ஊருக்காகக் கொடுத்த முடி அது, நாமெல்லாம் ஒரே ராஜ்யம் ஆகப்போகிறோம் என்று வண்டி வரைக்கும் சொல்லிக்கொண்டே போனார். அந்தம்மா தலையை ஆட்டிக்கொண்டார். அடுத்த வைகாசியில் அந்தப் பையனுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆகிவிட்டது. பத்திரிகைகூட வந்தது. அக்காவின் முடி அப்போது காதைத் தொட்டிருந்தது.

மலையிலிருந்து வந்த அன்றைக்கே காலண்டரை அம்மா கழற்றி அரிசிப் பானைக்குப் பின்னால் சொருகியிருந்தார். நாள் நட்சத்திரம் பார்க்க வேண்டும் என்று நைனா மறுபடி எடுத்து மாட்டினார். வருஷம் முடியும்வரை அவள் அருவிக் கரையிலேயே நின்று சிரித்தாள்.

எல்லை கடைசியாக முடிவானபோது திருத்தணி அந்தப் பக்கம் போனது. எங்கள் ஊர் போகவில்லை. பெரியப்பா பார்த்ததாகச் சொன்ன பட்டியலை அவர் பார்க்கவே இல்லை. சித்தூரில் ஒரு டீக்கடையில் இரண்டு பேர் பேசிக்கொண்டதைக் கேட்டுவிட்டு ஓடிவந்திருக்கிறார். ஆர்டர் வரட்டும், பிறகு மலைக்குப் போகலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. சாமியைக் காக்க வைக்கக் கூடாது என்பதில் அத்தனை பேருக்கும் அவ்வளவு அவசரம். எங்கள் பக்கத்தில் அந்த வருஷங்களில் டீக்கடைச் சேதியை நம்பிப் பொங்கல் வைத்தவர்கள், மொட்டை போட்டவர்கள், மாலை போட்டவர்கள் என்று நிறையப் பேர் உண்டு. பெரியப்பாவை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நைனா இரண்டு நாள் படுத்துக் கிடந்தார். மூன்றாம் நாள், "குடுத்தத திருப்பிக் கேக்கவா முடியும்" என்று சொல்லிவிட்டுக் கழனிக்குப் போனார். எதைச் சொன்னாரோ. அக்கா அவருக்குக் கூழ் எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள்.

பிறகு அக்காவை குடுபல்லிப் பக்கம், இரண்டு பிள்ளைகளோடு மனைவியை இழந்த ஒருவருக்குக் கொடுத்தார்கள். அவர் கெட்டவர் இல்லை. அவர் வீட்டிலிருந்து யாரும் முடியை இழுத்துப் பார்க்கவில்லை. எத்தனை படி அரிசி வடிப்பாள் என்றுதான் கேட்டார்கள். அக்காவுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. அந்த இரண்டையும் வளர்த்தாள். முடி திரும்ப வளர்ந்தது, ஆனால் தோளுக்குக் கீழே இறங்கவே இல்லை.

நான் படித்தேன், சித்தூரில் ஆசிரியை ஆனேன். இதையும் எழுதிவிடுகிறேன்: அக்காவுக்கு நேர்ந்ததைப் பார்த்து அம்மா பிடித்த பிடிவாதத்தில்தான் நான் படித்தேன். என் முடியைக் கல்லூரியிலேயே கழுத்தளவு வெட்டிக்கொண்டேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

ஒருமுறை அக்கா என்னிடம் வந்திருந்தபோது திருப்பதிக்குக் கூட்டிக்கொண்டு போய், ஒரு தியேட்டரில் மதியக் காட்சி பார்த்தோம். படத்தில் கதாநாயகிக்கு முழங்காலைத் தொடும் பின்னல். கதாநாயகன் அதைக் கையில் சுற்றிக்கொண்டு ஒரு முழுப் பாட்டுப் பாடினான். அக்கா என் காதருகில் குனிந்தாள்.

"பாப்பா, சினிமாக்காரிங்க வெச்சிக்கிறதெல்லாம் மலையில குடுத்த முடிதானாமே. ஏலத்துல எடுத்துக்கினு போவாங்களாம். அது என்னுதா இருக்குமா?"

"வாய மூடிக்கினு படத்தப் பாருக்கா" என்றேன். அவள் படத்தைப் பார்க்கவில்லை. அந்தப் பின்னலையே பார்த்தாள், திரையில் அது எங்கே போனாலும். வெளியே வந்ததும், "என்னுது இல்ல. என்னுதுல அவ்ளோ சுருட்ட கெடையாது" என்றாள், பஸ் ஸ்டாண்டில் துணிப்பையைத் தவறவிட்டவள் அடையாளம் சொல்வது மாதிரி. அதற்குப் பிறகு எந்தப் படம் பார்த்தாலும் அவளுக்கு இதே வேலை. சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். அந்த நடிகையைப் பற்றியும் நான் யோசித்திருக்கிறேன். சொந்த முடி போதாது என்று யாரோ அவளிடமும் சொல்லியிருக்க வேண்டும். யாருடையது என்று தெரியாத முடியைத் தலையில் கட்டிக்கொண்டு அவள் வெட்கப்பட, அதைப் பார்த்து ஊர்ப் பெண்கள் தங்கள் முடி போதவில்லை என்று ஏங்க, எங்கள் அம்மா சீப்பால் அடிக்க. இந்தச் சக்கரத்தை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

அம்மா போன பிறகு நைனா என்னோடு வந்து இருந்தார். பன்னிரண்டு வருஷம். கடைசியில் நினைவு தப்பியது. ஊர் எந்தப் பக்கம் போச்சு என்று கேட்டுக்கொண்டே இருப்பார். "நம்ம பக்கம்தான் நைனா" என்று சொல்லிச் சோறு ஊட்டுவேன். அவர் போய் ஒரு வருஷத்தில் அக்காவுக்கு முடியாமல் போனது. அவளையும் நான்தான் கொண்டுவந்து வைத்துக்கொண்டேன்.

அவள் போவதற்கு ஒரு மாதம் முன்பு, ஒரு வெள்ளிக்கிழமை, வெந்நீரில் தலைக்கு ஊற்றிவிட்டு ஜன்னலோரம் உட்காரவைத்துச் சீவிக்கொண்டிருந்தேன். நாற்பது வருஷமாக வயிற்றில் கிடந்ததைச் சொல்லிவிட்டேன்.

"அக்கா, அன்னைக்கு நான் அழுவாம இருந்திருந்தா, உன் முடி போயிருக்காது. உனக்கு அந்தக் கல்யாணம் ஆயிருக்கும்."

அவள் திரும்பிப் பார்த்தாள். "அதையா இத்தினி வருசமா நெனச்சிக்கினு கீற?"

"நைனா ரெண்டு பேரையும்தான கேட்டாரு. நான் குடுத்திருக்கலாம்."

"உன்ன யாருடி கேட்டாங்க" என்றாள் அக்கா. "நைனா வேண்டிக்கினதே என் முடின்னு சொல்லித்தான். நம்மள கூடத்துல நிக்க வெச்சதுக்கு மொத நாளே அம்மாகிட்ட சொல்லிக்கினு இருந்தத நான் கேட்டேன். அம்மா கால்ல வுழாத கொறையா கெஞ்சினாங்க, சின்னவளுக்கு எடுக்கலாம்னு. ஆவாது, பெரியவ முடிதான், ஆனா அவளா வாயத் தெறந்து குடுக்கறேன்னு சொல்லணும், புடிச்சி இழுத்துக்கினு போனா சாமி ஏத்துக்காதுன்னாரு. அதுக்குத்தான் உன்னையும் பக்கத்துல நிக்க வெச்சாரு. நீ அழுவன்னு அவருக்குத் தெரியும். நீ அழுதா நான் பாத்துக்கினு இருக்க மாட்டேன்னும் தெரியும்."

என் கை சீப்போடு அப்படியே நின்றுவிட்டது. அவர் அன்று அதட்டாமல் கைகட்டி நின்றது என் கண்ணுக்கு முன்னால் வந்தது.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ அவருக்குச் சோறு போட்டிருப்பியா?" என்றாள். பிறகு, "வாரு, நிறுத்தாத. ஈரம் காயட்டும்" என்றாள்.

நான் வாரினேன். வாரி என்ன, வெள்ளையாக ஒரு பிடிகூட இல்லை. சீப்பில் வந்ததை எடுத்து விரலில் சுற்றி, ஜன்னல் வழியாக எறியக் கையை நீட்டினேன்.

"எறியாதடி, இங்க குடு" என்று அவள் கையை நீட்டினாள்.

உள்ளங்கையில் வைத்தேன். நெல்லிக்காய் அளவுகூட இல்லை. கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள்.

"இதாவது எங்கிட்ட இருக்கட்டும்" என்று சொல்லித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.